கறைபடாக் காசாளர்

இரவு ஒன்பது மணி. யாழ்ப்பாண நகரத்துப் பெருந்தெரு ஒன்றிலுள்ள சுப்பர் மார்க்கெட்டின் இரும்புக் கதவு பாதியளவு இறக்கப்பட்டுவிட்டது. கடைசி வாடிக்கையாளரும் சென்றுவிட்டார். மூன்றாம் இலக்கக் காசு மேசையில் நிற்கும் பெண் தனது லாச்சியைக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளறைக்குச் செல்கிறாள். ஐயாயிரம் ரூபாத் தாள்கள் ஒருபுறம், ஆயிரம் ரூபாத் தாள்கள் மறுபுறம் என அடுக்கி, நாணயக் குற்றிகளைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுகிறாள். எண்ணி முடித்த தொகையை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அன்று அவளுடைய லாச்சியில் எவ்வளவு காசு இருக்க வேண்டும் என்பது பொறிக்குத் தெரியும், மேற்பார்வையாளருக்குத் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. எண்ணி முடியும்வரை அத்தொகை அவளுக்குச் சொல்லப்படுவதில்லை. முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்பத் தன் எண்ணிக்கையைப் பொருத்திக்கொள்வாள் என்ற ஐயமே இவ்விதிக்குக் காரணம். நாள் முழுவதும் சிரித்த முகத்துடன் நின்ற ஒருத்தியின் நேர்மை, ஒவ்வோர் இரவும் இவ்வாறு பரீட்சிக்கப்படுகின்றது.

அவளுக்கு வயது இருபத்திரண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தவறவிட்டு இவ்வேலைக்கு வந்தவள். தகுதிகாண் காலமான ஆறு மாதங்களுள் மூன்று கழிந்துள்ளன. அவளுடைய தந்தை சுன்னாகத்திலே பலசரக்குக் கடையொன்றின் காசு மேசையில் முப்பது ஆண்டுகள் இருந்தவர். ஆகவே ஒரே தொழிலின் இரு காலங்கள் அவ்வீட்டிலே ஒரு கூரையின் கீழ் வாழ்கின்றன எனலாம். தந்தையிடம் இருந்தவை ஒரு தராசு, ஒரு மரப்பெட்டி, ஒரு கொப்பி, தலைக்குள் ஒரு வாய்பாடு. மகளிடம் இருப்பவை ஒரு திரை, ஒரு விசைப்பலகை, கோட்டுக்குறியைப் படிக்கும் கண்ணாடி, தானே திறந்து மூடும் லாச்சி. இவ்விரண்டுக்கும் இடையில் நேர்ந்த மாற்றம் வெறும் கருவி மாற்றமா, அல்லது மனிதர்க்கிடையிலான உறவின் மாற்றமா என்பதே சிந்திக்கற்பாலது.

காசுப்பதிவுப் பொறியின் பிறப்பு வரலாறு இவ்விடத்தில் மனங்கொளத்தக்கது. ஐக்கிய அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலே டேட்டன் என்னும் நகரில் மதுச்சாலை நடத்தியவர் ஜேம்ஸ் றிற்றி. தம் ஊழியர் விற்பனைக் காசைத் தங்கள் சட்டைப்பைக்குள் இடுகின்றனர் என்ற கவலை அவரை வாட்டிற்று. 1878ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவுக்குக் கப்பலிற் சென்றபோது, கப்பலைச் செலுத்தும் சுழலி எத்தனை முறை சுழன்றது என்பதைத் தானே எண்ணிக் காட்டும் கருவியொன்றை அவர் கண்டார். சுழலியை எண்ணும் கருவி காசை எண்ணாதோ என்ற வினா அவருள் எழுந்தது. ஊர் திரும்பித் தம் சகோதரருடன் சேர்ந்து அவர் அமைத்த பொறிக்கு 1879இல் காப்புரிமை கிடைத்தது. அப்பொறிக்கு அவர் இட்ட பெயர் ‘கறைபடாக் காசாளர்’ என்று பொருள்படுவது. அவ்வுரிமை சில ஆண்டுகளிற் கைமாறி, 1884இல் ஜோன் பற்றர்சன் என்பவரைச் சென்றடைந்தது. அவர் வளர்த்த நஷனல் காஷ் றெஜிஸ்ரர் நிறுவனத்தின் மூலம் அப்பொறி உலகெங்கும் பரவிற்று. லாச்சி திறக்கும்போது மணி ஒலிக்கும் ஏற்பாடும் பொறியுடன் சேர்ந்தது. அம்மணி வாடிக்கையாளருக்காக ஒலிக்கவில்லை. உள்ளறையில் இருக்கும் முதலாளியின் காதுக்காகவே ஒலித்தது.

அப்பெயரை ஊன்றி நோக்குதல் வேண்டும். பொறிக்குக் காசாளர் என்ற பெயரும் கறைபடாத் தன்மையும் வழங்கப்பட்ட அக்கணமே, அதன் முன் நிற்கும் மனிதர் கறைபடக்கூடியவர் என்ற தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது. இன்றைய இலத்திரனியற் பொறி எத்தனையோ வகையில் வளர்ந்துவிட்டபோதிலும், அதன் அடித்தளத்தில் இருப்பது டேட்டன் நகரத்து மதுச்சாலையில் தோன்றிய அந்த ஐயமே.

காலையில் அவள் செய்யும் முதல் வேலை, தனக்குரிய இலக்கத்தையும் இரகசியச் சொல்லையும் பொறியில் இடுவதாகும். அக்கணம் முதல் அப்பொறியில் நிகழும் யாவும் அவள் பெயரில் நிகழ்ந்தனவாகும். சில்லறை மாற்றிக் கொடுப்பதற்கான தொடக்கக் காசு எண்ணி லாச்சியில் வைக்கப்படுகின்றது. பின்னர் பொருட்கள் வரத் தொடங்குகின்றன. ஒவ்வொரு பொருளிலும் அச்சிடப்பட்டிருக்கும் ‘பார்கோட்’ எனப்படும் கோட்டுக்குறியைக் கண்ணாடியின்மேல் காட்டியதும் ‘பீப்’ என்ற ஒலியுடன் பெயரும் விலையும் திரையிலே தோன்றுகின்றன. விலை அக்கோடுகளுக்குள் எழுதப்பட்டிருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அங்கு இருப்பது பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட ஓர் எண் மாத்திரமே. 479 எனத் தொடங்கும் எண் இலங்கையிற் பதிவுபெற்ற நிறுவனத்துக்குரியது. 890 எனத் தொடங்குவது இந்தியாவிற் பதிவுபெற்ற நிறுவனத்துக்குரியது. கடைசி இலக்கம் மற்றைய பன்னிரண்டையும் சரிபார்ப்பதற்காக வைக்கப்பட்டது. முன்னைய பன்னிரண்டில் ஒன்றுவிட்டொன்றை மூன்றாற் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிவரும் தொகையைப் பத்தின் மடங்காக நிறைவு செய்யும் எண்ணே அது. கோடு ஒன்று அழிந்தோ மடிந்தோ தவறாகப் படிக்கப்படின் கணக்குப் பொருந்தாது. பொறி மௌனம் சாதிக்கும். எண்ணுக்குரிய விலை நிறுவனத்தின் கணினியிலே வேறாகப் பதியப்பட்டுள்ளது. தலைமையகத்தில் இரவோடிரவாக அதனை மாற்றினால், மறுநாட்காலை நாடெங்குமுள்ள கிளைகளில் அதே பொருள் புதிய விலைக்கு விற்கப்படும்.

இம்முறை முதன்முதலாகக் கடையொன்றிற் பயன்பட்டது 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் திகதியாகும். அதுவும் ஒஹையோ மாநிலத்திலேதான். றிற்றி வாழ்ந்த டேட்டனுக்கு அணித்தான ட்றோய் என்னும் சிறு நகரின் சுப்பர் மார்க்கெட்டில் 67 சதம் பெறுமதியான மெல்லும் இனிப்புப் பொதியொன்று கோட்டுக்குறி வழியாக விற்கப்பட்டது. மணி ஒலித்த பொறி பிறந்த நாட்டுப்புறத்திலேயே ‘பீப்’ என்னும் ஒலியும் பிறந்தது வரலாற்றின் தற்செயலாகலாம். ஆயினும் இரண்டுக்கும் நோக்கம் ஒன்றாய் இருந்ததில்லை. முதலாவது காசைக் காத்தது. இரண்டாவது, காசோடு சரக்கையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டது. இன்று எந்தப் பொருள் எத்தனை விற்றது, எந்தக் காசாளர் நிமிடத்துக்கு எத்தனை பொருளைக் கண்ணாடிமேல் இழுத்தார், எத்தனை முறை விற்பனையின்றி லாச்சியைத் திறந்தார் என்பன யாவும் பதிவாகின்றன.

இவையனைத்தையும் பொறியே செய்யுமாயின் காசாளருக்கு என்ன வேலை என்று வினவுவோர் உளர். மூன்று மாதங்களில் அவள் கற்றுக்கொண்டவற்றைப் பட்டியலிட்டால் அவ்வினாவுக்கு விடை கிடைக்கும். நிறுத்து வாங்கும் காய்கறிகளுக்குத் தராசிலேயே ஒட்டுத்தாள் அச்சாகின்றது. 2 என்ற இலக்கத்தில் தொடங்கும் அக்குறியினுள் மாத்திரம் எடையோ விலையோ அடங்கியிருக்கும். யாராவது உருளைக்கிழங்கின் ஒட்டுத்தாளைப் பூண்டுப் பொதியில் ஒட்டி வந்தால் பொறி அதனை உருளைக்கிழங்கு என்றே நம்பும். கண்டுபிடிக்க வேண்டியவள் அவளே. பனிபடர்ந்த இறைச்சிப் பொதியின் ஈரத்தைத் துடைத்துவிட்டே கண்ணாடியிற் காட்ட வேண்டும். முட்டையை மேலும் சவர்க்காரத்தைத் தனியாகவும் பையில் இட வேண்டும். கடனட்டையையும் கைத்தொலைபேசியின் சதுரக் குறியையும் காசையும் ஒரே கையாற் சமாளிக்க வேண்டும். தமிழிற் தொடங்கி, சிங்களத்தில் விலை சொல்லி, ஆங்கிலத்தில் நன்றி கூறி முடிக்க வேண்டும். வரிசையின் கடைசியில் நிற்பவரின் பொறுமை எப்போது முறியும் என்பதை முகம் பார்த்து அறிய வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் பொறியின் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை.

பொறி கொண்டுவந்த நன்மைகளை மறுப்பது நியாயமாகாது. தந்தையின் கடையிலே காசு மேசையில் ஒருநாளும் ஒரு பெண் அமர்ந்ததில்லை. பையனாகச் சேர்ந்து, சாக்குச் சுமந்து, பொட்டலம் கட்டி, பல்லாண்டுகளின் பின்னரே ஒருவர் அவ்விருக்கையை அடைந்தார். மனக்கணக்கு அவ்வளவு நீண்ட பயிற்சியை வேண்டிநின்றது. அப்பயிற்சியைப் பொறி தேவையற்றதாக்கியபோது, தந்தையின் கைத்திறன் மதிப்பிழந்தது. மகளுக்கு வேலை கிடைத்தது. இவ்விரண்டும் ஒரே மாற்றத்தின் இரு பக்கங்கள் என்பதை அவர்கள் இருவருமே அறிவர்; எனினும் அதைப்பற்றி வீட்டிற் பேசுவதில்லை.

ஒரு பிற்பகல் நிகழ்ந்த சம்பவமே அம்மௌனத்தை உடைத்தது. மூதாட்டி ஒருவர் அரிசியும் பருப்பும் பால்மாவும் சவர்க்காரமும் கொண்டுவந்திருந்தார். பொருட்கள் யாவும் பதிவான பின்னர், கைப்பையை முழுவதும் கவிழ்த்து எண்ணியபோது அறுபது ரூபா குறைந்தது. பதிவான பொருளை நீக்குவதற்குக் காசாளருக்கு அதிகாரமில்லை. மேற்பார்வையாளர் வந்து தமது இலக்கத்தை இட்டால் மாத்திரமே அது இயலும். விளக்கை எரியவிட்டு அவள் காத்திருந்தாள். பின்னால் எட்டுப்பேர் நின்றனர். வேலை நேரத்திற் சொந்தக் காசை உடன் வைத்திருத்தல் கூடாது என்ற விதியின்படி அவளுடைய பணப்பை மேல்மாடிப் பெட்டகத்தில் இருந்தது. மேற்பார்வையாளர் வந்துசேர நான்கு நிமிடங்கள் சென்றன. “சவுக்காரத்தை எடு மோனை, பிறகு பாப்பம்” என்று மூதாட்டி தாழ்ந்த குரலிற் கூறினார். பொறியிலே அது ‘நீக்கம் ஒன்று’ எனப் பதிவாயிற்று. அந்நான்கு நிமிடங்கள் எங்கும் பதிவாகவில்லை.

அன்றிரவு இதைக் கேட்ட தந்தை, “எங்கட கடையெண்டால் கொப்பியில எழுதிப்போட்டுச் சாமானைக் குடுத்து விட்டிருப்பம்” என்றார். சிறிது நேரம் சென்றபின், எவரும் கேளாமலே மறுபக்கத்தையும் சொன்னார். கடனுக்கு வாங்குவோருக்கு விலை சற்றுக் கூடுதலாகவே எழுதப்படும். எழுத்தறியாதோர் அவ்வேட்டைப் பார்க்கக் கேட்டதில்லை; கேட்டாலும் காட்டப்படுவதில்லை. நிலுவை நீண்டவரின் பெயர் பலர்முன் உரத்து வாசிக்கப்படும். கொப்பி பசித்தவருக்கு அரிசி கொடுத்தது. கொடுத்த கையோடு அவரை அக்கடையிற் கட்டியும் வைத்தது. இன்று வாடிக்கையாளர் கையில் கிடைக்கும் பற்றுச்சீட்டிலே ஒவ்வொரு பொருளின் விலையும் தனித்தனியே அச்சாகின்றது. பிழையென்றால் அதைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். ஆகவே முன்னைய உறவு அன்பு மயமானது, இன்றையது இயந்திர மயமானது என்று எளிதிற் கூறிவிட முடியாது. முன்னர் இரங்குவதற்கும் ஏய்ப்பதற்கும் உரிய அதிகாரம் காசு மேசையில் இருந்தவரிடமே இருந்தது. இன்று இரண்டும் அங்கிருந்து அகற்றப்பட்டுவிட்டன. அகற்றப்படாது எஞ்சியிருப்பது பழி ஒன்றே.

இக்கூற்றின் உண்மையை 2022ஆம் ஆண்டு நாட்டுக்கு நன்கு உணர்த்திற்று. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை நீடித்தது. செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. உணவுப் பொருட்களின் விலையேற்றம் அதனினும் அதிகம். அக்காலத்திலும் அங்கு வேலைசெய்த மூத்த காசாளர் ஒருவர் அந்நாட்களைப் பற்றிப் புதியவர்களுக்கு அடிக்கடி கூறுவார். தட்டில் ஒட்டிய விலையொன்று, பொறி காட்டும் விலை வேறொன்று. தலைமையகம் மாற்றிய வேகத்துக்குத் தட்டின் ஒட்டுத்தாள்கள் மாறவில்லை. டொலரின் வீழ்ச்சியேற்றமும் அரசின் கொள்கையும் இறக்குமதித் தடையும் ஒன்றுகூடி உண்டாக்கிய சினம் முழுவதும், மேசைக்கு அப்பால் நின்ற சீருடைப் பெண்ணின் முகத்திலேயே வந்து விழுந்தது. விலையை நிர்ணயிப்பதில் அவளுக்கு எள்ளளவும் பங்கில்லை; ஆயினும் விலையை வாய்திறந்து சொல்லும் மனிதர் அவள் ஒருத்தியே.

பழி மாத்திரம் எஞ்சுவதன் பொருளை அவள் தன் அனுபவத்தாலும் அறிய நேர்ந்தது. சம்பள வாரத்துச் சனிக்கிழமை. காலை முதல் வரிசை ஓயவில்லை. இரவு எண்ணியபோது ஐந்நூறு ரூபா குறைந்தது. மீண்டும் எண்ணினாள், மேற்பார்வையாளரும் எண்ணினார், குறை குறையாகவே நின்றது. அது அவளுக்கு இரண்டாவது குறை. மூன்றாவது வருமாயின் வேலை நிரந்தரமாவது கடினம் என்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. ஐந்நூறு ரூபாவைச் சம்பளத்திற் கழித்துக்கொள்ளச் சம்மதித்து அவள் கையொப்பமிட்டாள். “தங்கச்சி, நான் உங்களைச் சந்தேகப்படேல்லை. ஆனால் மெசின் சொல்லுறதைத்தானே நான் எழுத வேணும்” என்றார் மேற்பார்வையாளர். அவரும் ஒரு சம்பளக்காரரே. பின்னர் ‘இசெட் அறிக்கை’ எனப்படும் நாளிறுதி அறிக்கை அச்சாயிற்று. அவ்வறிக்கை வெளிவந்ததும் அந்நாளின் கணக்கு மூடப்பட்டு, பொறி மறுநாளுக்காகச் சுன்னத்திலிருந்து தொடங்கும்.

மறுநாட்காலை ஓய்வூதியர் ஒருவர் கையிற் பற்றுச்சீட்டுடன் வந்தார். முதல்நாள் அவர் வாங்கிய பொருட்களின் விலை 435 ரூபா. அவர் கொடுத்தது ஐந்நூறு ரூபாத் தாள். அவசரத்தில் அவள் விரல் ஆயிரத்துக்குரிய விசையை அழுத்தியிருந்தது. ‘மிகுதி 565’ என்று பொறி காட்டிற்று. அவளும் அவ்வாறே கொடுத்தாள். அவரும் பாராமற் பையிலிட்டார். வீட்டிற்குச் சென்று சீட்டைப் படித்தபோதே ‘கொடுத்த தொகை 1000’ என்றிருந்ததை அவர் கண்டார். பொறி பொய் சொல்லவில்லை. தனக்குச் சொல்லப்பட்டதை அது பிழையறக் கணக்கிட்டது. தாளின் நிறத்தைக் காண அதற்குக் கண்ணில்லை.

அந்த ஐந்நூறு ரூபாவை எங்கே வைப்பது என்பதே அடுத்த சிக்கலாயிற்று. முதல்நாட் கணக்கு மூடப்பட்டுவிட்டது. அன்றைய லாச்சியில் இட்டால் இரவு ஐந்நூறு ரூபா கூடுதலாக வரும். கூடுதலும் ஒரு குற்றமே. விற்பனைக்கு ஒரு விசையுண்டு, திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு விசையுண்டு, நீக்கத்துக்கும் ஒன்றுண்டு. வீடுவரை கொண்டுசென்ற காசை ஒருவர் தாமே திருப்பிக் கொண்டுவருவார் என்று அப்பொறியை அமைத்தோர் எண்ணவில்லை. மேற்பார்வையாளர் சற்று யோசித்துவிட்டு, உள்ளறை மேசையின் அடியிலிருந்து ஒரு பழைய கொப்பியை எடுத்தார். அதில் திகதியிட்டு, நடந்ததைக் கையால் எழுதினார். முதியவர் ஒப்பமிட்டார், அவள் ஒப்பமிட்டாள், அவரும் ஒப்பமிட்டார். காசு கடித உறையில் இடப்பட்டு அக்கொப்பியுடன் இணைக்கப்பட்டது. குறை அவள் பெயரிலிருந்து நீங்கியது.

அன்றிரவு தந்தை யாவற்றையும் கேட்டார். பொறியைப் பழிக்கவுமில்லை, தம் காலத்தைப் புகழவுமில்லை. “தாளை வாங்கினவுடன லாச்சிக்குள்ள போடாதை பிள்ளை. வெளியில, ரெண்டுபேர் கண்ணுக்கும் தெரிய வை. எவ்வளவு தந்தவை எண்டு வாய்விட்டுச் சொல்லு. மிச்சத்தை எண்ணிக் குடுத்தாப் பிறகுதான் தாள் உள்ளுக்குப் போகவேணும்” என்றார். முப்பது ஆண்டுகளாக அவர் செய்துவந்தது அதுவே. எந்தப் பயிற்சி நூலிலிருந்தும் அவர் அதைக் கற்றவரல்லர்.

இப்போது மூன்றாம் இலக்கக் காசு மேசையில் ஒரு சிறு வழக்கம் தோன்றியுள்ளது. தாள் கைமாறும்போது “ஐந்நூறு தந்திருக்கிறீங்கள்” என்று ஒரு குரல் கேட்கும், வாடிக்கையாளர் தலையசைப்பார், அதன் பின்னரே விசை அழுத்தப்படும். மிகுதி எண்ணிக் கொடுக்கப்படும்வரை அத்தாள் விசைப்பலகையின்மேற் கிடக்கும். இரண்டாம் இலக்க மேசையிலுள்ள பெண்ணும் அவ்வாறே செய்யத் தொடங்கியுள்ளாள். நிமிடத்துக்கு எத்தனை பொருள் என்ற கணக்கில் அதனால் ஒரு சிறு வீழ்ச்சி ஏற்பட்டிருக்கலாம். இரவில் இரும்புக் கதவு பாதியளவு இறங்கிய பின்னர், முன்போலவே தனக்குத் தெரியாத ஒரு தொகையை நோக்கி அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். கை மாத்திரம் முன்போல நடுங்குவதில்லை.